சவுத் டவுன்ஸில் கிராவல் சைக்கிள்: ஏற்றத்தைவிடத் தரையைப் பாருங்கள்

இங்கிலாந்தில் கிராவல் சைக்கிள், அதாவது தார் போடாத பாதைக்கான அகல டயர் சைக்கிள், ஓட்ட எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்வது சவுத் டவுன்ஸ் குன்றுத் தொடரின் மேல் போகும் சவுத் டவுன்ஸ் வே என்ற பாதை. ஹாம்ப்ஷயரில் வின்செஸ்டர் நகரில் தொடங்கி, சசெக்ஸ் முழுக்கக் குன்றின் முதுகிலேயே ஓடி, ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் முடிகிறது. மொத்தம் 160 கிலோமீட்டர். 1972இல் இதைத் திறந்தபோதே நடப்பவர், குதிரைக்காரர், சைக்கிள்காரர் மூவருக்கும் உரிமையுள்ள நெடும்பாதையாகத்தான் திறந்தார்கள். வின்செஸ்டர் வரை நீட்டியது பிற்பாடு. இங்கே உள்ள மற்ற நெடும்பாதைகள் பலவற்றில் பாதி தூரம் போனதும் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது என்று ஒரு கம்பம் நிற்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

பாதையின் மிக உயரமான இடம் பட்ஸர் ஹில், 270 மீட்டர். மலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் ஏறியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 3,500 மீட்டரைத் தாண்டிவிடும். காரணம் ஆறுகள். மியோன், ஆருன், ஏடர், ஊஸ், கக்மியர் என்று ஐந்து ஆறுகள் இந்தக் குன்றுத் தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே போகின்றன. மேலே காற்று வாங்கிக்கொண்டு சுகமாகப் போய்க்கொண்டிருப்போம். திடீரென்று பாதை ஆற்றங்கரை வரை விழும். பாலத்தைக் கடந்ததும் விட்ட உயரத்தை அப்படியே திரும்பப் பிடிக்க வேண்டும். ஆறுகள் போதாதென்று நடுநடுவே நெடுஞ்சாலைகளும் இறக்கிவிடும். காக்கிங்கில் ஏ286, வாஷிங்டன் என்ற ஊரருகே ஏ24, லூயிஸுக்கு முன்னால் ஏ27. ஒரே நீண்ட ஏற்றம் என்று எங்கேயும் கிடையாது. குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள்தான் வந்துகொண்டே இருக்கும். ஒன்றில் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்தது.

இருந்தாலும் ஆளை அசத்துவது ஏற்றம் அல்ல, தரை. டவுன்ஸ் முழுக்க முழுக்கச் சீமைச் சுண்ணாம்பு. டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்த நுண்ணிய பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து இறுகிய பாறை அது. எங்கே பிடிமானம் கிடைக்கும், எங்கே பஞ்சர் ஆகும், எங்கே தண்ணீர் கிடைக்கும், கடை எங்கே இருக்கும் என்பதையெல்லாம் இந்தச் சுண்ணாம்புதான் முடிவு செய்கிறது. வரைபடத்தில் உயரக் கோடுகளை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

பத்து நாள் மழை இல்லாமல் காய்ந்திருந்தால் இதைவிட நல்ல தரை கிடையாது. வெள்ளையாக, கெட்டியாக, தார்ச்சாலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கண்கூச்சம்தான் ஒரே தொல்லை; கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஜூன் மாத நண்பகலில் ஓட்டாதீர்கள். மழை பெய்த மறுநாள் கதையே வேறு. மேலே ஒரு மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு வந்துவிடும். வெள்ளையடித்து முடித்த வாளியின் அடியில் தங்கியிருக்கும் குழம்பு மாதிரி. அதன் மேல் எந்த டயரும் நிற்காது, எவ்வளவு பட்டன் வைத்த டயராக இருந்தாலும் சரி.

என்னோடு அடிக்கடி வருகிற அண்ணன் ஒருவர் உண்டு. மதுரைக்காரர், சசெக்ஸில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. ஸ்டெய்னிங் பக்கமிருந்து ஏடர் ஆற்றை நோக்கி இறங்கும்போது, முந்தின இரவு மழை பெய்திருந்தது, எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு சொன்னார்: “தம்பி, வெள்ளையா பளபளன்னு இருந்தா அதுல பிரேக்கைத் தொடாத. சொரசொரன்னு தெரியிற எடத்துல முன்னாடியே புடிச்சு வேகத்தக் கொறச்சுக்க. பளபளப்பு வந்தா கைய விட்டுட்டு நேரா உருள விடு, ஹேண்டில் பாரத் திருப்பாத.” இறக்கத்தில் பிரேக்கை விடு என்று சொன்னால் மனசு கேட்காது. ஆனால் அது சரியான அறிவுரை. ஈரச் சுண்ணாம்பில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் வேகத்தால் விழுவதில்லை. வழுக்கும் இடத்துக்கு நடுவில் பயந்து முன் பிரேக்கைப் பிடிப்பதால் விழுகிறார்கள். பாதையின் நடுவே இரண்டு தடங்களுக்கும் இடையில் புல் ஓடினால் அதில் ஏறிக்கொள்வது நல்லது. புல்வெளியில் புதுத் தடம் போடுவது மட்டும் வேண்டாம். பாதை அகன்று அகன்று புல்வெளி அழிகிறது.

அடுத்தது சிக்கிமுக்கிக் கல். சுண்ணாம்புக்குள் சிலிக்கா திரண்டு உருவான கட்டிகள் இவை. வெளியே வெள்ளைத் தோல், உடைந்தால் உள்ளே கண்ணாடி மாதிரி கறுப்பு. கற்காலத்தில் கத்தி செய்த கல் இதுதான் என்றால் உங்கள் டயரின் பக்கச் சுவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு இன்னும் மோசம். மேல்மண் கழுவப்பட்டுப் புதுக் கற்கள் வெளியே வரும். ரப்பர் ஈரமாக இருக்கும்போது கூர்மை எளிதாக இறங்கும்.

எனவே டியூப்லெஸ் இல்லாமல் இங்கே வருவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். 45 மில்லிமீட்டர் அகலம், உள்ளே ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலன்ட் திரவம் தாராளமாக, பக்கச் சுவர் தடித்த டயர். எழுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு 30 பி.எஸ்.ஐ. பக்கம் காற்று போதும். தார்ச்சாலைப் பழக்கத்தில் 50 வைத்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு கல்லும் பல்லை ஆட்டும், ஏற்றத்தில் பின்சக்கரம் வெறுமனே சுழலும். சட்டைப் பையில் பஞ்சர் திரியும் ஊசியும் இருக்கட்டும். பையின் அடியில் அல்ல, கை போகும் இடத்தில். காற்று சீறும்போது அரை நிமிடத்தில் திரியைக் குத்தினால் பம்ப் அடிக்கும் வேலை பாதியாகக் குறையும். பக்கச் சுவர் கிழிந்தால் திரி நிற்காது. அதற்கு ஒரு டியூபும், கிழிசலுக்கு உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டும் வேண்டும். பிரேக் பேடு ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச் சுண்ணாம்போடு கல்பொடி சேர்ந்தால் உப்புத்தாள் கணக்காக அரைத்துத் தள்ளிவிடும். கியர் விஷயத்தில் கௌரவம் பார்க்காதீர்கள்: பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரம் முன்பக்கத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முன்னால் 40, பின்னால் 44 இருந்தால் பெரும்பாலான ஏற்றங்களை உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து வழுக்கும்.

தண்ணீருக்கு வருவோம். சுண்ணாம்பு மழைநீரை உறிஞ்சி உள்ளே விட்டுவிடும். அதனால் குன்றின் மேல் ஓடை கிடையாது, கிணறு கிடையாது, ஊரும் கிடையாது. அங்கங்கே தெரியும் வட்டமான குட்டைகள்கூட ஆடுமாடுகளுக்காகக் களிமண் பூசி மனிதர்கள் அமைத்தவை. உள்ளே இறங்கிய நீர் அடிவாரத்தில், சுண்ணாம்பு முடிந்து களிமண் தொடங்கும் கோட்டில் ஊற்றாக வெளியே வருகிறது. ஊர்கள் எல்லாம் அந்தக் கோட்டில்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் தேவாலயக் கோபுரம் தெரியும், பப் தெரியும், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று தோன்றும். இறங்கினால் 150 மீட்டர். சாப்பிட்ட வயிற்றோடு அதே 150 மீட்டரைத் திரும்ப ஏற வேண்டும், அதுவும் டவுன்ஸின் செங்குத்தான வடமுகத்தில்.

இதற்கு வழி, பாதை தானாக இறங்கும் இடங்களில் மட்டும் சாப்பிடுவது. ஆம்பர்லி, சவுத்தீஸ், ஆல்ஃப்ரிஸ்டன் மூன்றும் அப்படிப்பட்டவை. மேலே கடித்துக்கொள்ள ஏதாவது பையில் இருக்கட்டும். நான் கொண்டுபோவது புளியோதரை உருண்டையும் கடலைமிட்டாயும். எனர்ஜி ஜெல்லை மூன்றாவது மணி நேரத்துக்கு மேல் என் வயிறு ஏற்பதில்லை. தண்ணீருக்குப் பாதையோரக் குழாய்கள் உண்டு. காக்கிங்கில் சாலையைக் கடக்கும் இடத்துக்கு அருகே ஒன்று, பாட்டால்ஃப்ஸில் ஏடர் ஆற்றோரம் ஒன்று, டெவில்ஸ் டைக்கைத் தாண்டியதும் சாடல்ஸ்கோம் பண்ணையில் ஒன்று, சவுத்தீஸில் ஒய்.எச்.ஏ. விடுதி அருகே ஒன்று. கடுங்குளிர் நாட்களில் குழாய்களை மூடிவைப்பதும் உண்டு. கோடையில் இரண்டு பாட்டில் போதாது, மூன்று வேண்டும். கிழக்குப் பாதியில் மரநிழலே கிடையாது.

சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே எல்லாப் பாதையிலும் சைக்கிள் ஓட்ட முடியாது. மஞ்சள் அம்பு போட்டிருந்தால் அது ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் பிரிடில்வே, அதாவது குதிரைப் பாதை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதில் சைக்கிளை அனுமதிக்கிறது, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை போட்ட 1:25,000 வரைபடத்தில் ஃபுட்பாத் குட்டைப் பச்சைக் கோடுகளாகவும் பிரிடில்வே நீளப் பச்சைக் கோடுகளாகவும் இருக்கும். ஃபோன் செயலிகள் போட்டுத் தரும் வழியை அப்படியே நம்ப வேண்டாம். குறுக்கு வழி என்று ஃபுட்பாத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். முந்தின நாள் இரவே ஒருமுறை வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டால் மறுநாள் யாரிடமும் பேச்சு வாங்க வேண்டாம். சவுத் டவுன்ஸ் வேயில் மட்டும் போவதென்றால் ஓக் மர விதைச் சின்னம் போட்ட கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கினால் மணி அடிப்பதைவிடக் குரல் கொடுப்பது நல்லது. மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கம்; சத்தமில்லாமல் வந்து சட்டென்று ஒலி எழுப்பும் பொருள்தான் அதை மிரட்டும். தூரத்திலேயே “குட் மார்னிங், பின்னாடி சைக்கிள் வருது” என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் கை காட்டும் வரை பொறுத்தால் போதும்.

அப்புறம் பாதைக்குக் குறுக்கே நிற்கும் அந்தக் கேட்டுகள். எவ்வளவு என்று கேட்காதீர்கள், மேற்கிலிருந்து கிழக்கு வரை முடிவே இல்லை. பலவற்றில் தாழ்ப்பாளின் மேல் ஒரு நீண்ட இரும்புக் கைப்பிடி தலைக்கு மேல் எழும்பி நிற்கும். குதிரை மேல் உட்கார்ந்தபடியே திறப்பதற்காக வைத்தது. கிழக்கு நோக்கிப் போகையில் முன்சக்கரத்தைக் கேட்டுக்கு இணையாகத் திருப்பி, ஒரு காலை ஊன்றி, அந்தக் கைப்பிடியை இழுத்து, தோளால் கேட்டைத் தள்ளி உள்ளே புகுந்து, அதே கையால் திரும்பச் சாத்தலாம். நாலைந்து கேட்டுக்குள் கை பழகிவிடும், இறங்கி ஏறும் நேரம் மிச்சம். உள்ளே மாடு மேயும். கேட்டைக் கண்டது எப்படியோ அப்படியே விட்டுப் போக வேண்டும். அதாவது மூடியிருந்ததை மூட வேண்டும்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: மேற்கிலிருந்து கிழக்கு. இந்த நாட்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. மறைப்பே இல்லாத முதுகில் நாள் முழுக்க எதிர்காற்றை மிதிப்பது தேவையில்லாத தண்டனை. வானிலை பார்க்கும்போது மழையைவிடக் காற்றின் திசையை முதலில் பாருங்கள்.

மேற்குப் பாதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காடு, பண்ணைச் சாலை, பீச் (beech) மர வேர்கள். நிழலில் உள்ள சேறு வசந்த காலத்தின் பாதி வரை காயாது. பட்ஸர் ஹில்லிலிருந்து இறங்கும் புல்வெளி மட்டும் விதிவிலக்கு; அகலமான, நீளமான, கண்ணுக்கெட்டிய வரை திறந்த இறக்கம், கீழே ஏ3 சாலையின் இரைச்சலில் போய் முடியும். பிக்னர் ஹில்லில் ரோமானியர்கள் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட் குறுக்கே வருகிறது. அங்கே நிற்கும் கைகாட்டிப் பலகையில் லண்டன் என்று இல்லை, லோண்டினியம் என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் யாரும் போவதில்லை.

ஆம்பர்லிக்குப் பிறகுதான் டவுன்ஸ் தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. ஆருன் ஆற்றைக் கடந்ததும் வரும் ஏற்றம் காலையில் முதல் வேலையாக வந்தால் தாங்கலாம். எண்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வந்தால் தள்ளிக்கொண்டு போவதில் தவறே இல்லை. மேலே போனால் இடப்பக்கம் வீல்ட் சமவெளி, வலப்பக்கம் கடல். சேங்க்டன்பரி ரிங் என்ற இரும்புக்காலக் கோட்டை மேட்டில் 1760இல் நட்ட பீச் மரங்களில் பெரும்பகுதியை 1987 அக்டோபர் புயல் சாய்த்துவிட்டது. மறுபடி நட்டவை இப்போது வளர்ந்து நிற்கின்றன. அதைத் தாண்டி ஸ்டெய்னிங் பக்கம் பாதையோரமே பன்றிப் பண்ணை, தகரக் கூடுகள் வரிசையாக. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும்.

டிட்ச்லிங் பீக்கன் 248 மீட்டர். 1994இல் டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இங்கிலாந்து வந்தபோது இந்த மேட்டின் சாலை வழியாகத்தான் ஏறியது. சாலைச் சைக்கிள்காரர்களுக்கு இது யாத்திரைத் தலம். நாமோ முதுகு வழியாகவே வந்து, அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் கார் நிறுத்தத்தைக் கடந்து போய்விடலாம். சிறு சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம். இத்தனை வழியிலும் என்னை மிகவும் சோதிப்பது சவுத்தீஸ் ஸ்டேஷனைத் தாண்டியதும் வரும் இட்ஃபோர்ட் ஹில். ஊஸ் ஆற்றங்கரை கிட்டத்தட்டக் கடல் மட்டம். அங்கிருந்து நேராகப் புல்லில் ஏற்றம். புல் பார்க்கப் பட்டாக இருக்கும், ஆனால் மிதிக்கும் பலத்தில் பாதியை விழுங்கிவிடும். முதல் வளைவிலேயே கடைசி கியருக்குப் போய்விடுங்கள். பிறகு மாற்றலாம் என்று வைத்திருந்தால் செயின் இழுபட்டு நிற்கும்.

ஆல்ஃப்ரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. படங்களில் வரும் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளின் வழி நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிளும் குதிரையும் உள்நாட்டு வழியில் விண்டோவர் ஹில் ஏறி, ஜெவிங்டன் வழியாக ஈஸ்ட்போர்ன் போக வேண்டும். இதில் பலருக்கு ஏமாற்றம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், கூட்டமே இருக்காது. குன்றுச் சரிவில் வரைந்த 72 மீட்டர் உயர லாங் மேன் உருவம் இங்கேதான் இருக்கிறது. பாதை அதன் தலைக்கு மேலே போவதால் அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பார்த்தே ஆக வேண்டும் என்றால் வில்மிங்டன் ஊர்ப் பக்கமாகக் கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

முழுப் பாதையையும் ஒரே நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கால்கள் வேறு. மற்றவர்கள் ஆம்பர்லியில் பிரித்து இரண்டு நாளாக வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய பாதி வழி, ரயில் நிலையமும் இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் அதுவும் வேண்டாம். ஹாசக்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, ஜாக், ஜில் என்ற இரண்டு காற்றாலைகள் நிற்கும் மேட்டுக்கு ஏறி, டிட்ச்லிங் பீக்கன் வழியாக லூயிஸில் இறங்கினால் அரை நாளில் டவுன்ஸ் என்றால் என்ன என்று தெரிந்துவிடும். அது பிடித்தால் அடுத்தமுறை ஆம்பர்லியிலிருந்து சவுத்தீஸ் வரை. 55 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின், இரு முனையிலும் ரயில். வார நாட்களில் காலை நெரிசலில் லண்டனுக்குள் போகும் ரயிலிலும் மாலை நெரிசலில் வெளியே வரும் ரயிலிலும் மடக்காத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். கூடாரம் போட்டுத் தங்க நினைத்தால் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். புல்வெளி எல்லாருக்கும் பொது என்று நினைத்துவிட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போகும் முன் சைக்கிளைக் கழுவிவிடுங்கள். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும் வரை வாளித் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷும் போதும். இரவு காயவிட்டால் செயின், கியர் மாற்றும் டிரெய்லியர், பிரேக் காலிப்பர் எல்லாவற்றிலும் இறுகிப்போய், மறுநாள் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். சக்கரத்தின் நடுவே உள்ள ஹப் பக்கம் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல், துணியால் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்தால் அடுத்த வாரமும் ஓடும்.